அடுக்கில் உட்கார்ந்திருக்கும் எண்ணைக் கீழே இறக்குவது எப்படி: அடுக்குக்குறிச் சமன்பாடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

3ம = 81 என்று கொடுத்தால், இருபுறமும் 3-ஆல் வகுத்து 27 என்று சொல்லிவிடுவோம். ம^4 = 81 என்றால் நான்காம் மூலம் எடுப்போம்; 3, −3 என்று இரண்டு விடைகள் கிடைக்கும். ஆனால் 3^ம = 81 என்று வந்தால் பலருக்கும் கை நின்றுவிடுகிறது. எதனால் வகுப்பது, எதற்கு மூலம் எடுப்பது? தெரியாத எண் மேலே ஏறி அடுக்கில் உட்கார்ந்துகொண்டது. அதைக் கீழே இறக்கத் தெரிந்துவிட்டால் இந்தப் பாடம் நம் கைக்குள் வந்துவிடும்.

பாடப்புத்தகத்தில் எக்ஸ் என்று பார்த்துப் பழகிய தெரியாத எண்ணை இங்கே ‘ம’ என்று எழுதுகிறேன். மாறி என்பதன் முதல் எழுத்து. ^ குறிக்கு இடப்பக்கம் இருப்பது அடிமானம், வலப்பக்கம் இருப்பது அடுக்கு. ஆகவே 2^5 என்றால் இரண்டை ஐந்து முறை எழுதிப் பெருக்குவது, அதாவது 32. புள்ளி (·) வந்தால் அது பெருக்கல்.

இந்தப் பாடத்தைப் பல முறைகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது வழக்கம்: அடிமானத்தைச் சமப்படுத்தும் முறை, பிரதியிடும் முறை, மடக்கை முறை என்று. மாணவர்களும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். என் அனுபவத்தில் அதுதான் குழப்பத்துக்கே காரணம். உண்மையில் இருப்பது ஒரே ஒரு யோசனை: இருபுறமும் ஒரே அடிமானத்துக்குக் கொண்டுவா, பிறகு அடுக்குகளை மட்டும் பார். மற்றதெல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் பாதைகள். மடக்கைகூட அப்படித்தான், அங்கே போகும்போது காட்டுகிறேன்.

எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் இரண்டு உண்மைகள்

2^ம என்பதில் ‘ம’வுக்கு எந்த மெய்யெண்ணைக் கொடுத்தாலும் விடை மிகை எண்தான். ம = −10 என்று கொடுங்கள்; 1/1024 வரும். சிறியதுதான், ஆனாலும் பூச்சியத்துக்கு மேலே. பூச்சியமாகவோ குறை எண்ணாகவோ அது ஒருபோதும் ஆகாது. இது முதல் உண்மை.

இரண்டாவது: ‘ம’ கூடக்கூட 2^ம கூடிக்கொண்டே போகும், எங்கும் திரும்பி இறங்காது. அதனால் ஒரே மதிப்பை இரண்டு வெவ்வேறு அடுக்குகள் தர முடியாது. 2^அ = 2^ஆ என்றால் அ = ஆ என்று அடித்துச் சொல்லலாம். அடிமானம் 1/2 போன்ற பின்னமாக இருந்தால் மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். அங்கேயும் அதே முடிவுதான்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அடிமானம் மிகை எண்ணாக இருக்க வேண்டும், 1-ஆக இருக்கக் கூடாது. 1^5 = 1^9 என்பது உண்மை; அதற்காக 5 = 9 ஆகிவிடுமா? (−1)^2 = (−1)^4 என்பதும் உண்மை; 2 = 4 இல்லை. “அடிமானம் சமம் என்றால் அடுக்கும் சமம்” என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். காரணத்தோடு தெரிந்துகொண்டால் விழ மாட்டீர்கள்.

அடுக்கு விதிகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். நினைவூட்டலுக்கு: பெருக்கும்போது அடுக்குகள் கூடும், வகுக்கும்போது கழியும், அடுக்குக்கு மேல் அடுக்கு வந்தால் பெருகும். குறை அடுக்கு என்றால் தலைகீழ், பின்ன அடுக்கு என்றால் மூலம். பூச்சிய அடுக்கு 1 தரும், அடிமானம் பூச்சியமாக இல்லாதவரை.

படி 1: இருபுறமும் ஒரே குடும்பமா என்று பாருங்கள்

4, 8, 16, 32, 1/2, √2 எல்லாம் 2-இன் குடும்பம். 9, 27, 81, 1/3, √3 எல்லாம் 3-இன் குடும்பம். சமன்பாட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதில் உள்ள அடிமானங்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகளா?

4^(ம+1) = 8^(ம−2)

4 என்பது 2^2, 8 என்பது 2^3. மாற்றி எழுதினால்:

2^(2ம+2) = 2^(3ம−6)

அடிமானம் ஒன்றாகிவிட்டது. இனி 2ம + 2 = 3ம − 6, ஆகவே ம = 8. சரிபார்ப்போம்: 4^9 = 262144, 8^6 = 262144. பொருந்துகிறது.

இங்கே அதிகமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. 4^(ம+1) என்பதை 2^(2ம+1) என்று எழுதிவிடுவார்கள். மேலே இருக்கும் 2 முழு அடுக்கையும் பெருக்க வேண்டும்; 2 × (ம+1) என்று அடைப்புக்குறி போட்டு எழுதிவிட்டு, அப்புறம் விரியுங்கள். அந்த ஒரு அடைப்புக்குறியைச் சோம்பல்படாமல் போட்டாலே பாதித் தவறுகள் காணாமல் போகும்.

மூலமும் பின்னமும் வந்தால் பயப்பட வேண்டாம். 9^ம = 27√3 என்பதில் இடப்பக்கம் 3^(2ம). வலப்பக்கம் 3^3 × 3^(1/2), அதாவது 3^(7/2). எனவே 2ம = 7/2, ம = 7/4. (2/3)^ம = 27/8 என்பதில் வலப்பக்கத்தைத் தலைகீழாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்: 27/8 என்பது (2/3)^(−3). ம = −3.

அடுக்கில் இருபடிக் கோவையே வந்து உட்கார்ந்தாலும் வழி மாறாது.

2^(ம² − 3ம) = 16

16 = 2^4 என்பதால் ம² − 3ம = 4. அதாவது ம² − 3ம − 4 = 0, காரணிப்படுத்தினால் (ம − 4)(ம + 1) = 0. விடைகள் 4, −1. இரண்டையும் அடுக்கில் போட்டுப் பாருங்கள்: 16 − 12 = 4, 1 + 3 = 4. இரண்டும் செல்லும். அடுக்கு குறை எண்ணாகவும் இருக்கலாம் என்பதால் −1-ஐத் தள்ள எந்தக் காரணமும் இல்லை. எதைத் தள்ள வேண்டும், எதைத் தள்ளக் கூடாது என்பது கொஞ்ச நேரத்தில் தெளிவாகும்.

படி 2: நடுவில் கூட்டலோ கழித்தலோ இருந்தால் பொதுக் காரணியை வெளியே எடுங்கள்

3^(ம+2) − 3^ம = 216

இதைப் பார்த்ததும் “அடிமானம் எல்லாம் 3, 216-ஐயும் 3-இன் அடுக்காக மாற்றலாம்” என்று சிலர் இறங்குவார்கள். 216 அப்படி மாறாது. இன்னும் சிலர் அடுக்குகளைக் கழித்து 3^2 என்று எழுதிவிடுவார்கள். அடுக்குகளைக் கழிப்பது வகுத்தலுக்கான விதி. உறுப்புகளுக்கு நடுவில் கழித்தல் குறி இருந்தால் அந்த விதிக்கு இங்கே வேலையே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? 3^(ம+2) என்பதை உடையுங்கள்: 3^ம × 9. இப்போது இரண்டு உறுப்புகளிலும் 3^ம இருக்கிறது.

3^ம (9 − 1) = 216
3^ம = 27
ம = 3

சரிபார்ப்பு: 243 − 27 = 216.

எத்தனை உறுப்புகள் வந்தாலும் இதே கதைதான். 2^(ம+3) + 2^(ம+1) − 2^ம = 72 என்றால் 2^ம-ஐ வெளியே எடுத்ததும் உள்ளே 8 + 2 − 1 = 9 மிஞ்சும். 2^ம = 8, ம = 3.

படி 3: மறைந்திருக்கும் இருபடியைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பார்ப்பதற்குப் புதிதாக இருக்கும் ஒரு சமன்பாடு, ஒரு சின்ன பெயர்மாற்றத்தில் பழைய நண்பராகிவிடும்.

9^ம − 8·3^ம − 9 = 0

9^ம என்பது (3^2)^ம, அதையே (3^ம)^2 என்றும் எழுதலாம். ஆகவே 3^ம என்ற துண்டுக்கு ‘ப’ என்று பெயர் வைப்போம். (பிரதியிடுவதால் ப.) சமன்பாடு இப்படி ஆகிறது:

ப² − 8ப − 9 = 0
(ப − 9)(ப + 1) = 0

ப = 9 அல்லது ப = −1. பலர் இங்கேயே நிறுத்திவிட்டு “விடை 9, −1” என்று எழுதிவிடுவார்கள். கேட்டது ‘ப’ இல்லை, ‘ம’. திரும்பிப் போக வேண்டும். 3^ம = 9 என்றால் ம = 2. 3^ம = −1 என்றால்? முதலில் சொன்ன உண்மை இங்கே உதவுகிறது: மிகை அடிமானத்தின் அடுக்கு ஒருபோதும் குறை எண் ஆகாது. அதனால் இந்தக் கிளையில் மெய்த் தீர்வு இல்லை. ஒரே விடை, ம = 2. சரிபார்ப்பு: 81 − 72 − 9 = 0.

தள்ள வேண்டியது குறை ‘ப’வை, குறை ‘ம’வை அல்ல. இந்த வேறுபாடு புரியாமல் நல்ல விடையைத் தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அடுத்த கணக்கு அதற்காகவே.

4^(ம+1) − 9·2^ம + 2 = 0

4^(ம+1) = 4 × 4^ம = 4 × (2^ம)^2. ஆகவே ப = 2^ம என்று வைத்தால் 4ப² − 9ப + 2 = 0. காரணிகள் (4ப − 1)(ப − 2). ப = 1/4 அல்லது 2. இரண்டும் மிகை, இரண்டும் செல்லும். 2^ம = 1/4 தருவது ம = −2; 2^ம = 2 தருவது ம = 1. −2-ஐப் போட்டுப் பாருங்கள்: 4^(−1) − 9/4 + 2 = 1/4 − 9/4 + 2 = 0. குறை எண் என்பதற்காக அதைத் தள்ளியிருந்தால் ஒரு விடையை இழந்திருப்போம்.

இருபடி எப்போதும் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. 5^ம + 5^(1−ம) = 6 என்பதைப் பாருங்கள். 5^(1−ம) என்பது 5 / 5^ம. ப = 5^ம என்றால் ப + 5/ப = 6. ‘ப’வால் பெருக்கினால் ப² − 6ப + 5 = 0, ப = 1 அல்லது 5, எனவே ம = 0 அல்லது 1. இங்கே ‘ப’வால் பெருக்கலாமா என்று யோசித்தீர்களா? யோசித்திருந்தால் நல்லது. 5^ம பூச்சியமாகாது, அதனால் தாராளமாகப் பெருக்கலாம்.

மூன்று வேறு அடிமானங்கள் வரும் ஒரு வகையும் உண்டு:

2·4^ம − 5·6^ம + 3·9^ம = 0

4 = 2·2, 6 = 2·3, 9 = 3·3. இந்த வரிசை கண்ணில் பட்டுவிட்டால் கதவு திறந்த மாதிரி. எல்லா உறுப்புகளையும் 9^ம-ஆல் வகுங்கள். 4/9 = (2/3)^2, 6/9 = 2/3. ப = (2/3)^ம என்று வைத்தால் 2ப² − 5ப + 3 = 0, ப = 1 அல்லது 3/2. முதலாவது ம = 0 தரும்; இரண்டாவது (2/3)^(−1) என்பதால் ம = −1.

படி 4: குடும்பம் ஒத்துவரவில்லையா? மடக்கை

2^ம = 10. பத்து 2-இன் குடும்பத்தில் இல்லை. 2^3 = 8, 2^4 = 16 என்பதால் விடை 3-க்கும் 4-க்கும் நடுவில், 3-க்குக் கொஞ்சம் அருகில் இருக்க வேண்டும். இந்த மதிப்பீட்டை முதலில் ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கால்குலேட்டர் எதையாவது காட்டினால் அது சரியா என்று பார்க்க இதுதான் அளவுகோல்.

இப்போது மடக்கை. 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 2 கிடைக்கும் என்று கேட்டால், விடை ஏறத்தாழ 0.30103. அதைத்தான் மடக்கை 2 என்கிறோம் (அடிமானம் 10). அதாவது 2 என்பது 10^0.30103. ஆகவே 2^ம என்பது 10^(0.30103 ம). சமன்பாடு இப்படி மாறுகிறது:

10^(0.30103 ம) = 10^1

பார்த்தீர்களா, மறுபடியும் ஒரே அடிமானம்! மடக்கை என்பது புதிய முறை இல்லை என்று நான் சொன்னது இதனால்தான். எந்த மிகை எண்ணையும் 10-இன் குடும்பத்தில் சேர்த்துவிடும் கருவி அது. ம = 1 / 0.30103 = 3.3219 (ஏறத்தாழ). நம் மதிப்பீட்டோடு ஒத்துப்போகிறது.

தாளில் எழுதும்போது இதைச் சுருக்கமாக, “இருபுறமும் மடக்கை எடுக்க” என்று எழுதி, மடக்கை (அ^ம) = ம × மடக்கை அ என்ற விதியைப் பயன்படுத்துகிறோம். அடுக்கில் இருந்த ‘ம’ கீழே இறங்கிச் சாதாரணப் பெருக்கலாக நிற்கிறது. அடிமானம் 10 என்பதில் மந்திரம் எதுவும் இல்லை. 2.71828... என்ற ஆய்லரின் எண்ணை அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கையை எடுத்தாலும் இதே விடைதான். இருபுறமும் ஒரே வகையை எடுத்தால் போதும்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கை அட்டவணைகளை வெளியிட்டபோது, பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றுவதுதான் நோக்கம். அடிமானம் 10 வசதியானது என்று அந்த வேலையை முன்னெடுத்தவர் ஹென்றி பிரிக்ஸ். 1624-இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் மதிப்புகள் 14 தசம இடங்கள் வரை இருந்தன, எல்லாம் கையால் கணக்கிட்டவை. நாம் இன்று ஒரு பொத்தானை அழுத்தி 0.30103 என்று பார்க்கிற எண்ணுக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

இனிக் கொஞ்சம் பெரிய கணக்கு.

4·3^(2ம) + 1 = 81

அவசரப்பட்டு உடனே மடக்கை எடுக்காதீர்கள். முதலில் அடுக்கு உள்ள துண்டைத் தனிமைப்படுத்த வேண்டும். 1-ஐக் கழித்தால் 4·3^(2ம) = 80; 4-ஆல் வகுத்தால் 3^(2ம) = 20. இப்போதுதான் மடக்கைக்கு நேரம்.

2ம × மடக்கை 3 = மடக்கை 20
2ம = 1.30103 / 0.47712 = 2.7268
ம = 1.3634 (ஏறத்தாழ)

இந்த இடத்தில் மூன்று தவறுகள் காத்திருக்கின்றன. முதலாவது, கூட்டல் இருக்கும்போதே மடக்கை எடுத்து ஒவ்வொரு உறுப்புக்கும் பிரித்துக் கொடுப்பது. மடக்கை (அ + ஆ) என்பது மடக்கை அ + மடக்கை ஆ இல்லை; பெருக்கலைத்தான் அது கூட்டலாக்கும், கூட்டலை அது தொடாது. இரண்டாவது, மடக்கை 20 / மடக்கை 3 என்பதை மடக்கை (20/3) என்று எழுதிவிடுவது. முன்னது 2.7268, பின்னது 0.8239, எவ்வளவு தூரம் பாருங்கள். மூன்றாவது, 4·3^(2ம) என்பதை 12^(2ம) ஆக்குவது. 4-க்கு மேல் அந்த அடுக்கு இல்லையே!

இருபுறமும் ‘ம’ அடுக்கில் இருந்து, அடிமானங்களும் வேறு வேறாக இருந்தால்?

5^(ம−1) = 2^(ம+2)

மடக்கை எடுத்தால் (ம − 1) மடக்கை 5 = (ம + 2) மடக்கை 2. மடக்கை 5, மடக்கை 2 இரண்டும் வெறும் எண்கள் என்பதை மறக்காமல் இருந்தால், இது ஒருபடிச் சமன்பாடுதான். விரித்து, ‘ம’ உள்ளதை ஒரு பக்கம் சேருங்கள்:

ம (மடக்கை 5 − மடக்கை 2) = 2 மடக்கை 2 + மடக்கை 5
ம = மடக்கை 20 / மடக்கை 2.5 = 1.30103 / 0.39794 = 3.2694

இதையே இன்னும் நேர்த்தியாகச் செய்யலாம். 5^ம / 5 = 4 × 2^ம என்று உடைத்து எழுதினால் (5/2)^ம = 20. ஒரே ஒரு மடக்கையில் வேலை முடிந்தது. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். எழுதும் வரிகள் குறைந்தால் தவறும் குறையும். ஆனால் தேர்வு அவசரத்தில் எது உங்கள் கைக்குப் பழகியதோ அதைச் செய்யுங்கள்.

விடையை எப்படி எழுதுவது என்பதில் ஒரு சொல். மடக்கை 20 / மடக்கை 2.5 என்பது துல்லியமான விடை. 3.2694 என்பது தோராயம். கேள்வி தசமத்தில் கேட்காதவரை முன்னதை எழுதிவிட்டு அப்புறம் பின்னதை எழுதுங்கள். நடுவிலேயே தசமத்தை வெட்டிவிட்டு மேற்கொண்டு பெருக்கினால் கடைசியில் பிழை பெருகிவிடும்.

இந்தச் சமன்பாடுகள் உண்மையில் எங்கே வருகின்றன

கார்பன்-14 அணுக்களில் பாதி சிதைவதற்கு ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆகும். பழைய மரத்துண்டு ஒன்றில் தொடக்கத்தில் இருந்ததில் 30 சதவீதம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்றால் அதன் வயது என்ன? ‘ம’ ஆண்டுகள் என்று வைத்தால்:

(1/2)^(ம/5730) = 0.3

மடக்கை எடுத்தால் ம = 5730 × மடக்கை 0.3 / மடக்கை 0.5. மேலேயும் கீழேயும் குறை எண்கள், வகுத்தால் மிகை: ஏறத்தாழ 1.737. ம ≈ 9,950 ஆண்டுகள். ஒரு பாதிக்காலத்தில் 50 சதவீதம், இரண்டில் 25 சதவீதம் மிஞ்சும் என்பதால் 30 சதவீதம் இரண்டுக்குச் சற்று முன்னால் வருவது இயல்புதான். வில்லார்டு லிப்பியும் அவருடைய குழுவும் 1940-களின் இறுதியில் உருவாக்கிய இந்தக் காலக்கணிப்பு முறைக்காக 1960-இல் லிப்பிக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் நடுவில் இருக்கும் கணிதம் நாம் இப்போது போட்ட இந்த ஒரு வரிதான்.

இன்னொன்று கூட்டு வட்டி. ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள்? 1.08^ம = 2. ம = மடக்கை 2 / மடக்கை 1.08 = 9.006. 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்புக் காலம் தெரியும் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்களே; 72/8 = 9. குறுக்குவழி இங்கே அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அது தோராயம்தான். வட்டி வீதம் மிக அதிகமானால் விலகிப் போகும்.

மடக்கையும் கைகொடுக்காத இடங்கள்

‘ம’ அடுக்கிலும் இருந்து, கீழே சாதாரண உறுப்பாகவும் இருந்தால் மடக்கை எடுத்துப் பயனில்லை. ஒன்றைக் கீழே இறக்கினால் இன்னொன்று மடக்கைக்குள் மாட்டிக்கொள்ளும். 2^ம = ம² என்பது அப்படிப்பட்டது. ம = 2 போட்டால் 4 = 4. ம = 4 போட்டால் 16 = 16. இரண்டு விடை கிடைத்துவிட்டது என்று பேனாவைக் கீழே வைக்கத் தோன்றும். வரைபடத்தை வரைந்து பாருங்கள்: இடப்பக்கம், குறை எண்களின் பகுதியில் இரண்டு வளைகோடுகளும் இன்னொரு முறை வெட்டிக்கொள்கின்றன.

அந்த வெட்டுப்புள்ளியை நெருங்கிப் பிடிக்கலாம். ம = −1 என்றால் 2^ம = 0.5, ம² = 1; சதுரம் பெரிது. ம = 0 என்றால் 1, 0; அடுக்கு பெரிது. ஆகவே விடை நடுவில் எங்கோ. −0.75 போட்டால் 0.5946, 0.5625, இன்னும் அடுக்குதான் பெரிது. −0.77 போட்டால் 0.5864, 0.5929, சதுரம் முந்திவிட்டது. −0.76 போட்டால் 0.5905, 0.5776. எனவே விடை −0.77-க்கும் −0.76-க்கும் இடையில். இப்படியே வேலியைச் சுருக்கிக்கொண்டே போனால் −0.7667 வரும்.

சில சமன்பாடுகளில் விடையை ஊகிப்பது எளிது. வேறு விடை இல்லை என்று காட்டுவதுதான் கணிதம். 3^ம + 4^ம = 5^ம என்றால் ம = 2 என்று யாரும் சொல்லிவிடுவார்கள், 9 + 16 = 25. வேறு விடை உண்டா? 5^ம-ஆல் வகுத்துப் பாருங்கள்:

(3/5)^ம + (4/5)^ம = 1

இடப்பக்கம் இருக்கும் இரண்டும் 1-க்குக் குறைந்த அடிமானங்கள், ‘ம’ கூடும்போது இரண்டும் இறங்கிக்கொண்டே போகும். இறங்கிக்கொண்டே போகும் ஒன்று 1 என்ற மட்டத்தை ஒரே ஒரு முறைதான் கடக்க முடியும். ஆகவே 2 மட்டுமே விடை. எவ்வளவு சிறிய வாதம், எவ்வளவு உறுதியான முடிவு!

விடை முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், எளிதாகத் தெரியும் கேள்விகூடப் பெரும் ஆழத்துக்கு இழுத்துப் போகும். 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போது முழு வர்க்கம் கிடைக்கும்? அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது 1, 9, 25, 121, 32761 கிடைக்கின்றன. கடைசியில் இருப்பது 181-இன் வர்க்கம். இந்த ஐந்தைத் தவிர வேறு இல்லை என்று சீனிவாச இராமானுஜன் 1913-இல் ஊகித்தார். நார்வேயைச் சேர்ந்த டிரிக்வே நாகெல் 1948-இல் அதை நிரூபித்தார்.

அடிமானத்திலேயே ‘ம’ வந்தால் இன்னும் கவனம் தேவை. (ம − 2)^(ம+1) = 1 என்பதில், ஓர் எண்ணின் அடுக்கு 1 ஆக மூன்று வழிகள் உண்டு. அடிமானம் 1-ஆக இருக்கலாம்: ம = 3. அடுக்கு பூச்சியமாக இருக்கலாம், அடிமானம் பூச்சியமாக இல்லாதவரை: ம = −1, அடிமானம் −3, செல்லும். அடிமானம் −1-ஆக இருந்து அடுக்கு இரட்டை எண்ணாக இருக்கலாம்: ம = 1, அடுக்கு 2, (−1)^2 = 1. மூன்று விடைகள். மூன்றாவது வழியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

கீழே உள்ள வரிகளைப் படிக்குமுன் ஒவ்வொன்றுக்கும் “இது எந்த வடிவம்?” என்று மட்டும் முதலில் ஓரத்தில் எழுதுங்கள். கணக்கை அதற்குப் பிறகு தொடங்கலாம்.

1) 25^ம = 125^(ம−1)
2) 2^(ம+4) − 2^ம = 120
3) 9^ம − 12·3^ம + 27 = 0
4) 7^ம = 2^(ம+3)
5) 4^ம + 3·2^ம + 2 = 0
6) 2^ம + 3^ம = 13

முதலாவது 5-இன் குடும்பம்; 2ம = 3ம − 3, விடை 3. இரண்டாவதில் 2^ம வெளியே வந்தால் உள்ளே 15; 2^ம = 8, விடை 3. மூன்றாவது மறைந்திருக்கும் இருபடி; ப = 3, 9, ஆகவே ம = 1, 2. நான்காவதை (7/2)^ம = 8 என்று மாற்றினால் ம = மடக்கை 8 / மடக்கை 3.5, ஏறத்தாழ 1.66.

ஐந்தாவதைப் பிரதியிட்டு ப = −1, −2 என்று கண்டு இரண்டையும் தள்ளியிருந்தால் சரிதான், மெய்த் தீர்வு இல்லை. ஆனால் ஒரு வரிகூட எழுதாமலே இதைச் சொல்லியிருக்கலாம்: இடப்பக்கம் இருக்கும் மூன்று உறுப்புகளும் மிகை எண்கள், அவற்றின் கூடுதல் எப்படிப் பூச்சியமாகும்? ஆறாவதில் ம = 2 என்று கண்ணிலேயே தெரியும்; 4 + 9. அது மட்டும்தான் விடை என்பதற்குக் காரணத்தையும் எழுதினீர்களா? இடப்பக்கம் ஏறிக்கொண்டே போகிறது, 13-ஐ ஒரு முறைதான் தொடும்.